கோவேறு கழுதைக்கு நான் வைத்த பரீட்சை

யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளமே வாங்குகிறேன். டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் பத்தொன்பது வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. புரோகிராம் எழுதியவர் வந்து, "எல்லாம் நல்லா ஓடுது" என்று சொன்னால், எங்கே ஓடவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தி ஆபீஸோடு நிற்பதில்லை. பால் டப்பாவின் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். கடைக்காரர் சிரித்துப் பேசினால் பில்லை மூன்று முறை பார்ப்பேன். என் மகள் காலேஜுக்குக் கிளம்பிப் போகும்வரை, "அம்மா, யூ ஆர் சோ பாரனாய்ட்" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டுதான் என் கணவர் போன செப்டம்பரில் ஒரு மியூல் வாங்கக் கிளம்பினார். அழைத்துக்கொண்டு என்று சொல்வதும் தப்பு. நானாகத்தான் காரில் ஏறி உட்கார்ந்தேன், அதுவும் டிரைவர் சீட்டில்.

மியூல் என்றால் கோவேறு கழுதை. தாய் குதிரை, தகப்பன் கழுதை. ஐ.டி.யில் வேலை பார்க்கிற திருச்சிக்காரருக்குக் கழுதை எதற்கு என்று எங்கள் மசூதியில் கேட்காத ஆள் இல்லை. என் கணவரும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் வருடா வருடம் அக்டோபரில் கொலராடோ மலைக்கு வேட்டைக்குப் போவார்கள். எல்க் என்று ஒரு மான். நம்மூர்க் கடமானைவிடப் பெரியது, ஒன்று கிடைத்தால் மூன்று வீட்டு ஃப்ரீஸரும் நிரம்பும். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டு, தாங்களே அறுத்து, பங்கு போட்டுக் கொண்டுவருகிற கறி. யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்ற கேள்விக்கே இடமில்லை. நான் சந்தேகப்படாமல் சமைக்கிற ஒரே கறி அதுதான்.

கறி சும்மா வந்துவிடாது. ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு இரண்டு மலைமுகடு தாண்டி நடக்க வேண்டும். போகும்போது கூடாரம், அரிசி, மசாலா சாமான். பிரஷர் குக்கர் இல்லாமல் இவர்கள் மலையேற மாட்டார்கள். அந்த உயரத்தில் சாதாரணப் பாத்திரத்தில் கறி வேகாதாம். திரும்பும்போது இத்தனையோடு கறியும் சேர்ந்துகொள்ளும். முந்தைய வருடம் மூன்று பேரும் முதுகில் கட்டிக்கொண்டு நாலு நடையாக இறக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த என் கணவர் மூன்று நாள் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "வயசாச்சும்மா, முட்டி விட்டுடுச்சு" என்றார். இனி சுமைக்கு ஒரு விலங்கு வாங்கிவிடுவது என்று மூவரும் பேசி முடித்தார்கள். ஒரு சிநேகிதருக்கு லிபர்டி ஹில் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது, அங்கே கட்டிக்கொள்ளலாம். எதை வாங்குவது என்று பார்க்கிற பொறுப்பை என் கணவர் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் சோபாகூட நான்தான் பார்த்து வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர் தானாகக் கேட்டு வாங்கினார் என்பதே எனக்கு இடித்தது.

நான் முறைப்படி ஆராய்ந்தேன். சுமை ஆடு என்று ஒன்று இருக்கிறது. தன் பையைத் தானே சுமந்துகொண்டு கட்டி இழுக்காமலே பின்னால் வரும். ஆனால் வழி நெடுக பிரியாணியைப் பற்றியே பேசிக்கொண்டு போகிற மூன்று பேரை நம்பி எந்த ஆடு மலையேறும்? குதிரை வேண்டாம். காகிதம் பறந்தாலே மிரளும், சுமையோடு மிரண்டால் குக்கரைப் பள்ளத்தில்தான் தேட வேண்டும். தென்னமெரிக்க மலைகளில் சுமை தூக்குகிற, திமிலில்லாத குட்டி ஒட்டகம் மாதிரி இருக்கிற லாமாதான் சரி என்று முடிவு கட்டினேன். ஆட்டைவிடப் பெரிது, குதிரையைவிடச் சாது, தீனி கொஞ்சம், எங்கள் மினிவேனிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

"லாமா வேணாம்" என்றார் கணவர்.

"ஏன்?"

"அதால வெயிட் தூக்க முடியாது."

"ரெண்டு வாங்கலாம். மூணு வாங்கலாம்."

"பிரிக்க முடியாத வெயிட்டா இருந்தா?"

கறியைப் பிரிக்க முடியாதா? முழு எல்க்கை அப்படியே உட்கார வைத்தா கூட்டிவரப் போகிறார்கள்? கேட்டேன். காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டார்.

அந்த ஆகஸ்ட் முழுவதும் கராஜில்தான் அவர் குடியிருப்பு. ஏற்கெனவே சில மாதமாக ஆள் சரியில்லை. எதற்கெடுத்தாலும் அலுப்பு. சாப்பிட்டவுடன் நெஞ்சைத் தடவிக்கொள்வார், "கேஸ்" என்பார். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பேன், அடுத்த நாள் சமையலில் உருளைக்கிழங்கை நிறுத்துவேன். நம்மவர்களுக்கு நெஞ்சில் என்ன வந்தாலும் அது கேஸ்தான். வீட்டில் சிரிக்க மறந்துபோன அந்த மனிதர் கராஜில் போனில் பேசும்போது மட்டும் சிரித்தார். கதவருகே நின்று கேட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல், நன்றாக இழுத்து இழுத்துப் பேசுகிற டெக்சஸ்காரக் குரல்.

"யாரு அது?"

"மியூல் விக்கிற லேடிம்மா. லானோ பக்கம்."

"கழுதையைப் பத்தி டெய்லி அரை மணி நேரம் பேசுவாங்களா?"

"நிறைய டவுட் இருந்துச்சு, கிளியர் பண்ணிக்கிட்டேன்."

எனக்கும் நிறைய டவுட் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ரீடிங் கிளாஸை நெற்றியில் மாட்டிக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிற ஆளை அப்படியெல்லாம் சந்தேகப்பட எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டேன். போன் அடித்ததும் முகம் மலர்கிறது, பேசி முடித்ததும் பழையபடி வாடிவிடுகிறது. இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? சனிக்கிழமை காலை மியூல் பார்க்கப் போகிறேன் என்றதும் நானும் வருவதாகச் சொன்னேன். "நீ எதுக்கும்மா வெயில்ல?" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா, நான் கிளம்புவதற்கு?

பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்பதே முக்காலுக்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். காரணம் இருக்கிறது. முரட்டு விலங்கை விற்கிறவர்கள், ஆள் வருவதற்கு முன்னால் அதை வெயிலில் விரட்டி விரட்டிக் களைக்க வைப்பார்களாம். சிலர் மயக்க மருந்தே கொடுப்பார்களாம். வாங்குகிறவர் பார்க்கும்போது பரம சாதுவாக நிற்குமாம். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று போனால், அந்த அம்மாள் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மியூல்கள் எல்லாம் ஓக் மரத்தடியில் நின்று வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

அறுபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. வெயிலில் காய்ந்த முகம், ஆண்கள் போடுகிற பெரிய பூட்ஸ். என் பயம் பாதி போயிற்று. மீதிப் பாதியை அவரே திருப்பிக் கொடுத்தார். எழுந்து வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற 'ஹவ் ஆர் யூ' இல்லை. பதிலுக்காக நின்று, கண்ணைப் பார்த்துக் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு அவரை உட்காரச் சொன்னார். ஒரே ஒரு நாற்காலி. நான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பெண் மியூல். பதினாலு வயது, என் தோள் உயரம்தான் இருக்கும், மூக்கைச் சுற்றிக் கோதுமை மாவு ஒட்டினாற்போல வெளுப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் கறுப்பாக இன்னொன்று நின்றது. இளசு, உயரம், பளபளவென்று இருந்தது. அதைக் காட்டுங்கள் என்றேன். அது உங்களுக்குச் சரிவராது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நல்ல சரக்கை வேறு யாருக்கோ ஒளித்து வைத்துவிட்டுக் கிழத்தை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். என் கணவரோ எழுந்து போய், அந்தக் கிழத்தின் முதுகு தன் உடம்பில் எந்த இடத்துக்கு வருகிறது என்று நெஞ்சில் கை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

நான் என் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. யாரும் செய்யக்கூடாததை வேண்டுமென்றே செய்து பார்ப்போம். எதில் உடைகிறது என்று அப்போதுதான் தெரியும். முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், வேர்வை இல்லை. கண் இமையையும் உதட்டையும் பார்த்தேன், மயக்கம் மாதிரி தெரியவில்லை. பல்லைக் காட்டச் சொன்னேன். பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாமாம். எனக்குப் பல் மட்டும்தான் தெரிந்தது. குடையை அதன் மூக்குக்கு முன்னால் படாரென்று விரித்தேன். பிளாஸ்டிக் பையை உதறினேன். சாக்குப் பைக்குள் எவர்சில்வர் தட்டுகளைப் போட்டு முதுகில் வைத்துக் கலகலவென்று குலுக்கினேன். வீட்டிலிருந்து குக்கர் விசிலைப் போனில் பதிவு செய்துகொண்டு போயிருந்தேன். அதைக் காதுக்குப் பக்கத்தில் முழுச் சத்தத்தில் மூன்று விசில் வைத்தேன். அது ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது. அந்த அம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரத்த வாடைக்கு மிரளுமா என்று கேட்டேன். பழைய எல்க் தோல் ஒன்றைக் கொண்டுவந்து அதன் முகத்தருகே பிடித்தார். முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கா கூப்பிட்டாய் என்பது போலத் தலையைத் திருப்பிக்கொண்டது. நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு தப்புகூட அகப்படவில்லை. தப்பே அகப்படாத இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் அதிகமாகும்.

"உங்களுடையது முடிந்ததா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "அப்படியானால் அவர் கேட்டதையும் செய்து காட்டிவிடுகிறேன்."

"அது வேணாம். நாட் நெசசரி" என்று என் கணவர் நாற்காலியிலிருந்து அவசரமாக எழுந்தார்.

எனக்குத் தெரியாமல் ஒரு பரீட்சையா? கண்டிப்பாகச் செய்யுங்கள் என்றேன்.

அந்த அம்மாள் கொட்டகைக்குள் போனார். சாமான் கட்டுகிற மரச் சட்டத்தைக் கொண்டுவருவார் என்று நினைத்தேன். ஆள் உட்காருகிற சேணத்தைக் கொண்டுவந்தார். அதைப் பூட்டி, தீவன மூட்டைகளை ஒவ்வொன்றாக அதன் மேல் கிடத்தினார். முழு மூட்டை மூன்று. நாலாவது முக்கால்வாசி நிரப்பி வாய் கட்டியது. அகலமான வாரால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். பிறகு வேண்டுமென்றே அந்தச் சுமையை ஒரு பக்கமாகச் சரித்து விட்டார். கயிற்றைத் தரையில் போட்டுவிட்டுத் தள்ளி வந்து நின்றார்.

மூட்டைகள் ஒரு பக்கமாகத் தொங்கின. மியூல் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தது. நான்கு காலையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டது. அசையவில்லை. பிறகு அந்த அம்மாள் நாக்கைச் சொடுக்கியதும், பிடித்து நடத்த ஆளில்லாமலே, ஒவ்வொரு அடியாக வைத்து மேட்டிலிருந்து வாசல்வரை இறங்கி வந்து நின்றது.

"மூட்டை ஒவ்வொன்றும் ஐம்பது பவுண்ட்" என்றார் அவர். "கடைசியில் முப்பத்தெட்டு. அவர் போனில் சொன்ன எடையை அப்படியே நிறுத்து வைத்தேன்."

நூற்றைம்பதும் முப்பத்தெட்டும் நூற்று எண்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் முன் அவர் எங்கள் பாத்ரூம் தராசில் ஏறி நின்று, "ஒன் எய்ட்டி எய்ட், குறையவே மாட்டேங்குது" என்று வாராவாரம் சலித்துக்கொள்கிற எடை. ஒரு பக்கமாகச் சரிந்து தொங்குகிற அந்த மூட்டைகளை மறுபடி பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு அவை மூட்டைகளாகத் தெரியவில்லை.

"என்னங்க, இது யாரோட வெயிட்டு?"

"சும்மா ஒரு ரஃப் நம்பர்மா."

"ரஃப் நம்பர்னா டூ ஹண்ட்ரட்னு சொல்லுவாங்க. யாராவது ஒன் எய்ட்டி எய்ட்னு சொல்லுவாங்களா?"

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. என் குரல் தெரிந்துவிட்டது. என் கணவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்றார். உட்கார முடியாமல் மயங்கிய ஆளைப் பத்திரமாக மலையிலிருந்து இறக்குகிற விலங்கு வேண்டும் என்றுதான் முதல் நாளே இவர் கேட்டாராம். அதனால்தான் குள்ளமாக இருக்கிற, எதற்கும் பதறாத இதை ஒதுக்கி வைத்தாராம். இளசு கறுப்பை நம்பி ஒரு நோயாளியை ஏற்ற முடியாது என்றார். என்னை ஏமாற்ற அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்த ஆள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எப்போலேருந்து?" என்றேன்.

"கேஸ்தான்மா..."

"எப்போலேருந்துன்னு கேட்டேன்."

வேலியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டர்கிட்ட போனா மலைக்குப் போகாதன்னுடுவாரு. இந்த ஒரு தடவை போயிட்டு வந்துட்டு காட்டிக்கலாம்னு இருந்தேன். ஏதாவது ஆனாலும் அவங்க ரெண்டு பேரும் என்னைத் தூக்கிட்டு வரக்கூடாது பாரு. போன வருஷம் கறி தூக்கினதுக்கே செத்துட்டானுங்க."

"திரும்பி வர்றதுக்குக் கழுதை புக் பண்ண வந்தீங்களா?" என்று கத்தினேன். மற்ற மியூல்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர் கையைப் பிடித்துக் காரை நோக்கி இழுத்தேன். வண்டி நின்ற இடம் சின்ன மேடு, ஐம்பது அடி இருக்கும். பாதியில் நின்று, "ஓக் மரம் நல்ல பெரிசு இல்லே?" என்றார். மரத்தை ரசிக்கிற ஆள் இல்லை அவர். மூச்சு வாங்க நின்றிருக்கிறார். இப்படி எத்தனை மரத்தை, எத்தனை கடை வாசலை நின்று ரசித்திருக்கிறாரோ, எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நடந்து போன எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார். ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். ரவுண்ட் ராக்வரை போகாதீர்கள், பக்கத்து டவுனிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று வழி சொன்னார். நான் ஓட்டினேன்.

"அந்தம்மாகிட்ட சொல்ல முடிஞ்சுது. என்கிட்ட சொல்ல முடியலையா?" என்று கேட்டேன்.

"அவங்க கேட்டாங்க. மியூல் எதுக்கு, எதைத் தூக்கணும்னு கேட்டாங்க, சொன்னேன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ லாமான்னு முடிவு பண்ணிட்டே" என்றார்.

அவர் இப்போது நன்றாக இருக்கிறார். மூன்று இடத்தில் அடைப்பு, அன்றைக்கே ஆஸ்டினுக்கு மாற்றி ஸ்டென்ட் வைத்தார்கள். நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி இல்லை. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் முதல் பத்து நிமிடத்தைப் பற்றி.

படுக்க வைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவிட்டு, வலி எப்போது தொடங்கியது என்று நர்ஸ் கேட்டாள். என் கணவர் இங்கிலீஷில் நிதானமாக, வரிசையாகச் சொன்னார். முந்தைய வருடம் அக்டோபரில், இரண்டாவது முகட்டில், கறியோடு இறங்கும்போது முதல் தடவை. இடது தாடைவரை வந்ததாம், ஐந்து நிமிடம் இருந்ததாம். ஏப்ரலில் வீட்டு மாடிப்படியில். ஜூனில் இந்தியக் கடையின் பார்க்கிங்கில், அரிசி மூட்டையைத் தூக்கியபோது. அந்த மூட்டையைத் தூக்கச் சொன்னது நான். ஆகஸ்டில் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவிலிருந்து எழும்போது. அன்றைக்கு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான் தொழுதோம். அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்றேன். எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது எனக்கு நினைவிருக்கிறது. நீளமாக துஆ கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் டைப் செய்துகொண்டே, இதை யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒருத்தரிடம்" என்றார். "மியூல் விற்கிற ஒரு லேடி."

அவள் டைப் செய்வதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள்?"

"மனைவி" என்றேன். கல்யாணமான இருபத்தைந்து வருடத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல நான் வெட்கப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.